ஓடாத காருக்கு நாலு புது டயர்

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரே ஓர் இருக்கைதான் உண்டு. அதுவும் காருக்குள் இருக்கிறது.

மற்ற இடமெல்லாம் என் மனைவியின் ஆட்சி. அவள் ஜன்னல் திரைகள் தைப்பவள். வீடு வீடாகப் போய் அளவெடுத்து, தைத்து, கம்பி பொருத்தி, மாட்டியும் கொடுத்துவிட்டு வருவாள். கூடத்து சோபாவில் துணிச்சுருள்கள் படுத்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் தையல் மெஷின். கட்டிலில் என் பக்கம் குண்டூசி டப்பா. அது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். இந்த ஊரில் பாதி ஜன்னல்களை மூடியவள் அவள்தான். கூடவே என் வாயையும்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை என் முன்னால் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தக் காரை வித்துடலாமா?"

"எதுக்கு விக்கணும்?"

"எதுக்கு வெச்சிருக்கணும்?"

"அது என் கார்."

"யாரு இல்லேன்னா? வாரத்துக்கு ஒரு நாள் உறையை உருவறீங்க. தெருமுனை வரைக்கும் போறீங்க. திரும்பி வந்து உறையைப் போடறீங்க. இதுக்கு எதுக்குக் கார்? ஒரு போட்டோ எடுத்து மாட்டிக்கலாமே."

"அதுக்குப் பேர் பராமரிப்பு."

"சரி, பராமரிங்க. இப்ப டயர் வேற மாத்தணும்னு சொல்றீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"போன வாரம் சொன்னீங்களே, டயர்ல வெடிப்பு விட்டிருக்குன்னு."

சொன்னேனோ என்னவோ. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில், நான் சொன்னது எது, நான் சொன்னதாக அவள் சொன்னது எது என்று பிரிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

"ஓடாத காருக்கு யாராவது நாலு டயர் வாங்குவாங்களா? பேசாம வித்துடுங்க. கேக்க ஆள் இருக்கும்போதே தள்ளி விட்டுடணும்" என்றபடி மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். அது ஓடும் சத்தத்தில் நான் சொல்லும் பதில் யாருக்கும் கேட்காது. எனக்கே கேட்பதில்லை.

அந்த நிமிஷமே மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தேன். டயர் மாற்றியே தீருவது. ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு. புத்தம் புதிதாக, இருப்பதிலேயே உசத்தியாக. புது டயர் போட்ட கையோடு எந்த மடையனும் காரை விற்கமாட்டான். அவளே 'இனிமே எப்படி விக்கறது?' என்று வாயை மூடிக்கொள்வாள்.

என் குடும்ப வாழ்க்கையின் ரகசியத்தை உங்களிடம் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். அவள் எதைச் சொன்னாலும் நான் "சரி" என்பேன். பிறகு அதற்கு நேர் எதிராகச் செய்துவிடுவேன். மாடி வீடாகப் பார்க்கலாம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டுக் கீழ்வீட்டைப் பேசி முடித்துவிட்டு வந்தேன். அவளுடைய துணிமூட்டைகளை ஏற்றி இறக்க அது வசதியாகப் போனது வேறு விஷயம். வெளியூர் மாற்றலை ஒத்துக்கொள்ளுங்கள் என்றாள்; முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஆர்டர்கள் எல்லாம் இந்த ஊரிலேயே கிடைப்பதும் வேறு விஷயம். இப்படி இருபத்திரண்டு வருடமாக நான் ஜெயித்துக்கொண்டே வருகிறேன். ஜெயித்தவன் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் சில பேர் கேட்கிறார்கள்.

காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது பதினெட்டு. வாங்கும்போது வெள்ளி நிறம், இப்போது வெள்ளி மாதிரி ஒரு நிறம். கிலோமீட்டர் காட்டும் எண்கள் நான்கு வருடத்துக்கு முன்பே நகராமல் நின்றுவிட்டன. ஓடாத காருக்கு எண் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். வேலைக்கு நான் பஸ்ஸில் போகிறவன். அலுவலகத்தில் வண்டி நிறுத்த மேலதிகாரிகளுக்குத்தான் இடம். ஆக, எனக்கும் காருக்கும் உறவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஆனால் என்ன ஒரு கார்! ஆறு நாள் உறைக்குள் கிடந்துவிட்டு, ஏழாம் நாள் சாவியைத் திருகினால் முதல் திருகிலேயே கிளம்பும். பெட்ரோல் முள் முக்காலில் நிற்கிறது. இன்று நேற்றல்ல, எட்டு மாதமாக அங்கேயேதான் நிற்கிறது. கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்! "எப்படி சார்?" என்பார்கள். "எல்லாம் ஓட்டுற விதத்துல இருக்கு" என்பேன். மனைவியிடம் சொன்னபோது அவள்கூட மெஷினை நிறுத்திவிட்டு, "உங்க கைராசிங்க" என்றாள். என்னைப் பாராட்டுவதற்காக அவள் மெஷினை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

எதிர் வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் காரைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, "இந்த வண்டி புண்ணியம் தம்பி, நல்லா இருக்கணும்" என்பார். வண்டியின் அழகு அந்த வயதிலும் ஒருவரை இப்படி உருக்குகிறதே என்று நானும் பதிலுக்குக் கும்பிடுவேன்.

சில்லறைக் கோளாறுகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டுநர் சீட் தானாக முன்னால் நகர்ந்திருக்கும். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். உள்கண்ணாடி கீழே சாய்ந்திருக்கும்; அதில் பின்னால் வரும் வண்டிக்குப் பதில் என் தொப்பை தெரியும். டிக்கியில் அவ்வப்போது வெள்ளை பிளாஸ்டிக் வளையங்கள் உதிர்ந்து கிடக்கும். வயதான வண்டி, எங்கேயோ எதுவோ கழன்று விழுகிறது என்று ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். பதினேழு சேர்ந்திருந்தன. எந்தப் பாகத்தில் கழன்றது என்று தெரிந்தால் திரும்ப மாட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தெரிகிறது. சிரியுங்கள். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மோசடியைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள். 'சும்மா நின்ற என் வண்டியில் வேறு வண்டி வந்து இடித்துவிட்டது' என்று ஒருவர் எழுதினால், இரண்டாவது வரியிலேயே பொய்யைப் பிடித்துவிடுவேன். அடுத்தவன் வண்டி என்றால் எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

தவிர, அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதற்கு நானே சாட்சி அல்லவா? கார் வாங்கிய புதிதில் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு நாள் கூட்டிப் போனேன். அரை மணி நேரம். கிளட்ச் என்றால் பிரேக்கை மிதித்தாள். பிரேக் என்றால் என் முகத்தைப் பார்த்தாள். நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கொஞ்சம் என்றால், பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்கு. அவள் நடுச்சாலையில் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீடு வரைக்கும் நடந்தாள். நான் முதல் கியரில் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தேன். சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தக் கதையை நான் நடித்துக் காட்டுவேன், அவள் விறுவிறுவென்று நடந்த நடை உட்பட. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

சரி, டயருக்கு வருகிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரருக்குக் களஞ்சியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"உங்க டயருக்கு வயசு என்ன?" என்றார்.

"தேஞ்சிருக்காது. வண்டி ஓடினாத்தானே?"

"தேய்மானத்தை யார் கேட்டா? வயசைக் கேட்டேன். நின்ன இடத்துலயே நிக்கிற வண்டிக்கு டயர் தேயாது, ஆனா வயசாகும். வெயில்ல காயும். பாரத்தைத் தாங்கித் தாங்கி ஒரே பக்கமா நசுங்கும். உள்ளுக்குள்ள இறுகிப் போயிடும். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், அவசரத்துக்கு உதவாது."

அவர் டயரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு எந்த வாரம்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு சொல்லும். ஆறு வருஷம் தாண்டினா யோசிக்கணும். பத்து தாண்டினா யோசிக்கவே கூடாது, மாத்திடணும். புதுசு வாங்கும்போதும் அந்த எண்ணைப் பாருங்க. கடையில பல வருஷம் தூங்கின டயரை உங்க தலையில கட்டிடுவான்."

அன்று மாலை காருக்குப் பக்கத்தில் ஒரு பழைய திரைத்துணியை விரித்துப் படுத்தேன். என்னுடையது குனிகிற உடம்பு இல்லை. கார் வாங்கிய நாளிலிருந்து டயரை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. எங்கிருந்தோ அவளும் வந்து கைபேசி விளக்கைப் பிடித்தாள்.

"என்ன தேடறீங்க?"

"பிறந்த தேதி."

"யாருக்கு?"

"டயருக்கு."

"என் பிறந்த நாளுக்கு ஒரு தடவைகூட நீங்க இப்படித் தரையில உருண்டதில்ல" என்றாள்.

எண் கிடைத்தது. பதினோரு வயது. பக்கவாட்டில் பொடிப் பொடியாக வெடிப்பு. அதுகூடப் பரவாயில்லை. சாலையில் பதியும் பரப்பில் வரிப்பள்ளம் ஒன்றுகூட இல்லை, வழவழவென்று இருந்தது.

"வயசானா ரப்பர் தானா தேஞ்சுடும் போல இருக்கு" என்றேன்.

"ஆமாங்க, தலைமுடி மாதிரி" என்றாள். விளக்கு வெளிச்சம் டயரிலிருந்து மெதுவாக என் தலைக்கு வந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரம் படித்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. கெட்டி ரப்பரில் செய்தது நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஓடாத காரில் அது உழைத்துத் தேய்வதற்குள் கிழடாகிவிடும். மெத்தென்று இருப்பது சத்தம் போடாது; என் வீட்டில் சத்தம் டயரிலிருந்து வருவதில்லை. இரண்டு மட்டும் மாற்றலாமா, நான்கும் மாற்ற வேண்டுமா? பழைய அளவு இன்னும் வருகிறதா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, விளம்பரத் தாள்களைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது, டயர் படமா?"

"சும்மா. விக்கும்போது விலை பேச உதவும்."

"நல்லது. ஒருவேளை வாங்கறதா இருந்தா, இந்தா, வாய்க்கால் வாய்க்காலா வெட்டி வெச்சிருக்கே, இதை மட்டும் வாங்கிடாதீங்க. இது மழைக்கு. ஈர ரோட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குமாம். நீங்க மழையில எங்க போறீங்க? தூறல் போட்டாலே உறைக்குக் கயிறு கட்டறவர்."

"சரி."

"அப்புறம், பாலத்துக்குப் பக்கத்துல ஒரு டயர் கடை இருக்கே, அந்தப் பக்கமே போகாதீங்க. சரியான ஏமாத்துக்காரராம்."

"சரி."

"வர சனிக்கிழமை காலையில மட்டும் எங்கயும் போயிடாதீங்க. எனக்குப் பெரிய ஆர்டர் இருக்கு, மூட்டை தூக்க ஆள் வேணும்."

"சரி, சரி."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். வாய்க்கால் டயர். பாலத்துப் பக்கத்துக் கடை. சனிக்கிழமை காலை.

சனிக்கிழமை காலை உறையை உருவினேன். "புரோக்கர்கிட்ட விலை கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "இன்னிக்கேவா?" என்று முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

கடை வாசலில் டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காற்றுக் குழாய் சீறிக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்க்கும் தொட்டியில் கறுப்புத் தண்ணீர். கடைக்காரர் காதில் பென்சில் செருகிய பருமனான மனிதர். தொட்டியில் எதையோ முக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே "என்ன சார்?" என்றார்.

"நாலு டயரும் மாத்தணும். அதிகம் ஓடாத வண்டி. வாரத்துக்கு ஒரு நாள், தெருமுனை வரைக்கும்தான். அதனால பிரச்சினை வயசுதான், தேய்மானம் இல்ல." மூன்று வாரப் படிப்பை எங்கேயாவது காட்ட வேண்டாமா?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நேராக முன் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளத்தின் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோலை வைத்தார். அதற்கு உள்ளே போக இடமில்லை.

"யார் சார் சொன்னது, ஓடாத வண்டின்னு?"

"நான்தான்."

"ஓடாத வண்டிக்கு டயர் வழுக்கையாகாதே."

"வயசானா ரப்பர் தானா தேயும்."

"தானா எதுவும் தேயாது சார். ஓடினாத்தான் தேயும். இதைப் பாருங்க, இந்த ஓரம் மட்டும் கூடத் தேஞ்சிருக்கு. சந்து பொந்துல வளைச்சு வளைச்சு ஓட்டின வண்டி. பின்னாடி நல்ல பாரமும் ஏத்தியிருக்காங்க. தினமும் ஓடற வண்டி சார் இது."

என் காரை யாரோ ஓட்டுகிறார்கள். திருடனா? நான் அலுவலகத்தில் இருக்கும்போது எடுத்துக்கொண்டு போய், நான் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பெட்ரோலும் போட்டு, உறையையும் மூடிவிட்டுப் போகிற திருடனா? அவ்வளவு நல்ல திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

அவர் ஸ்டெப்னியை வெளியே எடுப்பதற்காக டிக்கியைத் திறந்தார். வெள்ளை வளையம் ஒன்று உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து, முதல் தடவையாக முழு வண்டியையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இது நம்ம அக்கா வண்டி! நான் டயரையே பாத்துட்டு வண்டியைக் கவனிக்கல பாருங்க."

"எந்த அக்கா?"

"திரை தைக்கிற அக்கா. இது அவங்க திரைக்கம்பியில கோக்கற வளையம்தானே? எங்க வீட்டு ஜன்னல் மொத்தமும் அவங்க போட்டதுதான். காத்துப் பிடிக்க இங்கதானே வருவாங்க. இன்னிக்கு வண்டி வரும்னு சொன்னாங்க, அவங்களே வருவாங்கன்னு நெனச்சேன். நீங்க அக்காவோட டிரைவரா?"

பதினெட்டு வருடமாக என்னுடையதாக இருந்த காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுக்காரர்" என்றேன்.

"வீட்டு ஓனரா? வாடகை விஷயமா வந்தீங்களா?"

"புருஷன்ப்பா. புருஷன்."

"அப்படியா சார்! தப்பா நெனச்சுக்காதீங்க. அவர் எங்கயோ வெளியூர்ல இருக்கார்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவசர அவசரமாக உள்ளே போய் நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். வாய்க்கால் டயர்கள். நான் மூன்று வாரம் படித்து, ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் தன்னந்தனியாக முடிவு செய்த அதே டயர்கள். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியால் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

"போன மாசமே சொல்லி எடுத்து வெச்சது சார். அந்த நாலு எண்ணைப் போன்ல படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. இந்த வருஷத்து டயர்தான் வேணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. விவரமானவங்க."

நான் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தேன். கார் ஜாக்கியில் ஏறியது. நட்டுகள் கழன்றன. ஒவ்வொரு சக்கரமாகச் சுழலவிட்டு, ஆட்டம் பார்த்து, அதைச் சமன்செய்ய விளிம்பில் ஈயத்துண்டு ஒட்டினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில் வந்தபோது மட்டும், இவ்வளவு நேரம் அக்கா அக்கா என்றவர், அதை நேராக என்னிடம் நீட்டினார்.

பதினோரு மணிக்கு ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. துணிமூட்டைகளும் திரைக்கம்பிக் கட்டுமாக அவள் இறங்கினாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். என்னிடம் இல்லை.

"காத்து மட்டும் பாக்கி அக்கா. பாரம் உண்டா?"

"பின்னாடி உண்டு. எப்பவும் வெக்கறதைவிடக் கொஞ்சம் கூட வைங்க."

கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் டயருக்குக் காற்று அளவு சொல்கிறாள்! நான் எழுந்தேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு வருஷமா."

"யார் கத்துக் கொடுத்தது?"

"உங்க தங்கச்சி."

என் கூடப் பிறந்தவள்! ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்! "தெருவுல யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும். எதிர் வீட்டு அம்மாவை டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போறான்னு நெனச்சீங்க?"

"எம் மேல உனக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபம் இல்லீங்க. நான் ரோட்டுல நடந்ததை நடிச்சுக் காட்டுவீங்களே, ஹாரன் சத்தத்தோட. எனக்குத் தெரிஞ்சு முப்பது தடவை காட்டியிருப்பீங்க. கடைசியா உங்க தங்கச்சி வீட்டுல காட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கல. என்னைச் சமையல் ரூமுக்குக் கூப்பிட்டு, 'அண்ணி, திங்கக்கிழமை அண்ணன் பஸ் ஏறினதும் கிளம்பி நில்லுங்க'ன்னா."

"நீயும்தானே சிரிச்சே?"

"வேற என்ன பண்றதுங்க?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, டயர் வேணும்னா வாய் திறந்து கேட்டிருக்கலாமே?"

அவள் பாலத்தைப் பார்த்தாள். "போன மழைக்கு இந்தப் பாலத்து மேலதாங்க வண்டி வழுக்கிடுச்சு. பிரேக்கை மிதிக்கறேன், நிக்கல. சறுக்கிட்டே போகுது. சுவருக்கு ஒரு சாண்ல நின்னுது. கை நடுக்கம் நிக்கற வரைக்கும் இந்தக் கடை வாசல்லதான் உட்கார்ந்திருந்தேன். இவர்தான் தண்ணி கொடுத்து, டயரைக் காட்டினார்."

போன மழைக்கு. அன்று நான் அலுவலகத்தில் பெட்ரோல் முள்ளைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்திருப்பேன். மாலையில் வந்து உட்கார்ந்ததும் அவள் காபி கொடுத்திருப்பாள். அவள் கையை நான் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. ஏமாந்ததைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

"அன்னிக்காவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருந்தா டயரா மாத்தியிருப்பீங்க? சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பீங்க. சொந்தக்காரங்களுக்கு நடிச்சுக் காட்ட இன்னொரு கதை கிடைச்சிருக்கும். கேட்டா கொடுக்க உங்களுக்கு வராதுங்க. வேண்டாம்னு சொன்னா ஓடிப்போய் வாங்கிட்டு வருவீங்க. எனக்கு டயர் வேணும். அதனால வேண்டாம்னு சொன்னேன்."

மோசடி என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் எந்த வரியில் இருக்கிறது என்று தொழில்முறையாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. சாவியை நான் ஒளித்துத்தான் வைத்திருப்பேன். எங்கே ஒளிப்பேன் என்பதுகூட எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக நான் ஜெயித்ததாக நினைத்த ஆட்டமெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. கீழ்வீடு வந்தது. மாற்றல் வந்தது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

மூட்டைகளை ஏற்றினோம். ஏற்றினேன் என்பதுதான் சரி. கம்பிக்கட்டு டிக்கியிலிருந்து முன்சீட்டு வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏறினாள். ஒரு கையால் சீட்டை முன்னால் இழுத்தாள், மறு கையால் கண்ணாடியைச் சரித்தாள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. நான் சாவியை நீட்டினேன். அவள் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினாள்.

"முன்னாடி இடமில்லீங்க. பின்னாடி மூட்டையைத் தள்ளிட்டு உட்காருங்க."

தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். என் காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முழங்காலுக்கு இடம் தாராளமாக இருந்தது. பாலத்தில் ஏறும்போது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு வண்டி திடீரென்று குறுக்கே வந்தது. நான் கீழே இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் இருக்கிற பிரேக்கை மிதித்தாள். கார் ஈரச்சாலையில் ஓர் அங்குலம் சறுக்காமல், நின்ற இடத்தில் நின்றது. 'நல்லா ஓட்டறே' என்று தொண்டை வரைக்கும் வந்தது. பதினெட்டு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. இப்போது வெளியே வர வழி தெரியாமல் திரும்பி உள்ளேயே போய்விட்டது.

"பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றேன்.

"டயர் அப்படிங்க. நீங்க பாத்துப் பாத்து வாங்கினதாச்சே" என்றாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து. அவள் கண்ணில் கேலி இருந்ததா என்று தேடினேன். இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பாலம் இறங்கியதும் கேட்டாள். "நான் பதினொன்னரைக்கு அங்க இருக்கணும். உங்களை எங்க இறக்கிவிடணும்?"

யோசித்தேன். விடுமுறை நாள். மழை நாள். எனக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லை என்பது, என் காரில் ஒருவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. இருந்தாலும் ஒரு கெத்து வேண்டுமே.

"பஸ் ஸ்டாப்புல விட்டாப் போதும்" என்றேன்.

"அது நான் போற வழி இல்லீங்களே" என்றாள்.